தப்பின் ஜீரணோத்தாரணம்

சிதிலமடைந்த ஆலயத்தைப் புதுப்பிக்கும் காரியத்துக்கு நம் ஆகமங்கள் ஜீரணோத்தாரணம் என்று பெயரிட்டு, எந்தக் கல்லை மாற்றலாம், எதனை மாற்றலாகாது, திருப்பணி நடைபெறும் காலத்தில் மூலமூர்த்தியின் சாந்நித்தியத்தை எவ்வாறு பாலாலயத்தில் வைத்துக் காக்க வேண்டும், பெயர்ந்துபோன அஷ்டபந்தனத்தை எவ்வாறு இடித்துச் சேர்த்து மீண்டும் சாத்த வேண்டும் என்பதையெல்லாம் மிக நுட்பமாக விதித்து வைத்திருக்கின்றன. அந்த ஆலயத்தின் வெளிப்பிராகாரத்துக்கும் அப்பால் நின்று, திருவிழாவென்றும் இழவென்றும் பேதமின்றி ஊர் முழுவதற்கும் ஒலிகொடுத்த தப்பு என்னும் தோற்கருவி, கிழிந்து தளர்ந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பாகிய லயத்து அடுப்படிப் பரணிலே தொங்கும்போது, அதற்கென்று விதிக்கப்பட்ட சாஸ்திரம் ஒன்றையும் காணோம். இலங்கை மலையகத்தில் ஹட்டனைச் சூழ்ந்த டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, கொட்டகலைத் தோட்டங்களில் பாட்டன் அடித்த தப்பைப் பேரன் பரணிலிருந்து இறக்கித் துடைத்துப் பார்க்கும் காட்சி இப்போது அரிதன்று. இறக்கியபின் என்ன செய்வது என்பதில்தான் அபிப்பிராய பேதங்கள் பலவாக உள்ளன. தோலை மாற்றுவதா, வளையத்தையும் மாற்றுவதா, தோலுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பூட்டுவதா, அல்லது ஒன்றுமே செய்யாமல் சுவரில் மாட்டி வைப்பதா? இவற்றை ஒருங்கே வைத்து விசாரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருவியின் அமைப்பை முதலில் நோக்குவோம். தப்பு என்பது ஒருமுகப் பறை. ஏறத்தாழ 14 அங்குல விட்டமுள்ள மரவளையத்தின் ஒரு பக்கத்திலே தோல் போர்த்தப்பட்டு, மறுபக்கம் திறந்தே இருக்கும். அந்த வளையம் பெரும்பாலும் ஒரே மரத்தை வளைத்துச் செய்யப்படுவதில்லை. வில்போல் அறுத்தெடுத்த மூன்று துண்டுகளை முனைக்கு முனை பொருத்தி, பொருத்துவாயின் மேல் இரும்புத் தகடு வைத்து ஆணியறைந்து சேர்ப்பது வழக்கம். அடிப்பதற்குக் குச்சிகள் இரண்டு. இடக்கையில் பிடிக்கும் மெல்லிய நீண்ட மூங்கிற் சிம்பு சிம்புக்குச்சி என்றும், வலக்கையில் பிடிக்கும் குட்டையான தடித்த கட்டை அடிக்குச்சி என்றும் வழங்கும். துணி துவைப்பதைத் துணி தப்புதல் என்று சொல்லும் வழக்கை அறிந்தவர்களுக்கு, அடித்தல் என்னும் பொருளிலேயே இக்கருவிக்கும் பெயர் வந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை.

தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைக் கூறுமிடத்துப் பறையையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். குறிஞ்சிக்கு உரியது தொண்டகப்பறை என்பர் உரைகாரர். ஆனால், இலங்கையின் இந்தக் குறிஞ்சியில் ஒலித்தது தொண்டகம் அன்று. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி முதலிய சமவெளிச் சீமைகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கென்று புறப்பட்டு, தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக வந்த மக்கள், மருதத்திலும் முல்லையிலும் தாம் அடித்த பறையையே மலைக்குக் கொண்டுவந்தார்கள். தோளில் மாட்டிக்கொண்டு எத்தனை நாளும் நடக்கத் தக்க இலேசான வாத்தியம் அது என்பதையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது.

வந்த இடத்தில் அதற்கு ஒரு புதிய உத்தியோகம் ஏற்பட்டது. 1869ஆம் ஆண்டளவில் தலைகாட்டிய இலைநோயினால் கோப்பி அழிந்து, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் நட்டுக் காட்டிய தேயிலை மலையெங்கும் பரவிய பின்னர், வைகறை இருளிலே தொழிலாளரை எழுப்பி, வேலைக்கு ஆள்கூட்டும் பெரட்டுக் களத்துக்கு அழைக்கும் பணி தப்பின் தலையில் விழுந்தது. இதற்குப் பெரட்டுத் தப்பு என்றே பெயர். ஒரு சமூகத்தின் வழிபாட்டுக்கும் ஆட்டத்துக்கும் சாவுக்கும் உரிய வாத்தியம், துரைமாருடைய கடிகாரத்துக்கு நாவாக ஆக்கப்பட்டது என்பது சாமானியமான செய்தியன்று. 1914இல் மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, பின்னர் 1947ஆம் ஆண்டின் பாராளுமன்றத்திலே தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாக அமர்ந்த சி.வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையை இந்தத் தப்பின் அதிர்விலேதான் தொடங்கினார், சக்தி அ. பாலையா அதனைத் தமிழாக்கித் தந்தார். தோட்ட வாழ்க்கைக்குத் தோற்றுவாய் தேடிய கவிஞனுக்குக் கொழுந்தும் பனியும் மலையும் கண்முன் இருக்க, காதில் விழுந்த தப்பே முதலாவதாகப் பட்டது.

பெரட்டுக்கு வெளியே அதன் சுயமான ராஜ்யம் வேறு. மாசி மாதத்து வளர்பிறையில் கம்பம் ஊன்றித் தொடங்கும் காமன் கூத்திலே, ரதியும் மன்மதனும் ஆடிவரும்போதும், சிவனுடைய நெற்றிக்கண்ணால் மன்மதன் எரியும்போதும், ரதி புலம்பும்போதும், எரிந்தவன் மீண்டெழும்போதும், ஆட்டத்தை நடத்திச் செல்வது தப்பின் அடியே. அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் முதலிய கூத்துகளிலும் மலையகத்துக்குத் தப்பு இன்றியமையாதது. காமனுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கலியாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று கதி பிரிந்து நிற்கும்; எட்டத்து மலையில் நிற்பவரும் அடியைக் கேட்டே, கீழே லயத்தில் நிகழ்வது மங்கலமோ அமங்கலமோ என்று தெளிந்துகொள்வர்.

இவ்வளவு பெருமையுள்ள கருவி பரணுக்குப் போனதற்குக் காரணம் சங்கும் மணியும் ஒலிபெருக்கியும் வந்ததே என்று சொல்பவர் உண்டு. அது பாதி உண்மையே. தப்படித்தல் ஒரு சாதியின் தலைமேல் சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. யார் வீட்டு இழவுக்கும் அழைத்தவுடன் வந்து, வெளியே நின்று அடித்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகவேண்டியவர்களாக அக்கலைஞர் நடத்தப்பட்டனர். கல்வி கற்று நிமிர்ந்த பிள்ளைகள், இனி எங்கள் வீட்டில் ஒருவரும் தப்பெடுக்கமாட்டோம் என்று சொன்னார்கள். அந்த மறுப்பு நியாயமானது. கலை அழிகிறதே என்று அவர்களைக் குறைகூறும் உரிமை எவருக்கும் இல்லை. தமிழகத்திலே திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையிலெடுத்து மேடையேறியதும், மதுரை மாவட்டத்துப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டதும், இழிவென்று ஒதுக்கப்பட்டது மரியாதையோடு திரும்பி வருவதன் அடையாளங்கள். ஆகவே, தப்பைப் புதுப்பிக்க முற்படுகிறவர் முதலிலே தீர்த்துக்கொள்ள வேண்டியது, இதனை யார் அடிப்பார், எந்த மதிப்போடு அடிப்பார் என்பதையே. அதனைத் தீர்க்காமல் தோலை மட்டும் மாற்றுவது, மூர்த்தியில்லாத கோயிலுக்குச் சுண்ணாம்பு பூசுவதை ஒக்கும்.

இனிக் கருவியின் நோய்களுக்கு வருவோம். கடல்மட்டத்துக்கு மேல் 1,200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்த ஹட்டன், தென்மேற்குப் பருவக்காற்றை நேராக ஏற்கும் மலைச்சரிவிலே உள்ளது. அடுத்துள்ள வட்டவளையோ இத்தீவில் மிகுதியான மழை பெறும் இடங்களுள் ஒன்று. வைகாசி தொடங்கிப் பல மாதங்கள் துணி உலர்வதே துர்லபமான இந்தச் சீதோஷ்ணத்தில், பதனிடாத தோல் காற்றின் ஈரத்தைக் குடித்துத் தளர்கிறது. வெயில் வந்ததும் இறுகுகிறது. ஆண்டுக்கணக்காக இவ்வாறு தளர்ந்தும் இறுகியும் வந்த தோல், வளையத்தின் விளிம்பிலே நார் அறுந்து, ஒருநாள் அடிபடாமலேயே வாய்பிளந்துவிடும். ஈரத்தோடு பூஞ்சணமும், பூஞ்சணத்தோடு தோலரிக்கும் வண்டும், மரத்தை மாவாக்கும் உளுவும் வந்து சேரும்.

அடுப்படிப் பரணில் தப்பை வைத்த முன்னோரின் யுக்தி இந்த இடத்திலேதான் விளங்குகிறது. கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் கிளையாகிய மிலாறு எரியும் அடுப்பின் புகை, வேண்டிய அளவு வெப்பத்தையும் உலர்ச்சியையும் தந்ததோடு, பூச்சி அணுகாதபடி கரிப்படலத்தையும் போர்த்திக் காத்தது. புகையில்லாத அடுப்பு வந்தது பெண்களின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் பெரிய விமோசனம். அதனை வரவேற்காதவர் இரார். எனினும், அதே பரணில் தொடர்ந்து தொங்கிய தப்புகள் விரைவில் உளுத்துப்போனதற்கு அந்தப் புகை நின்றதும் ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

சிகிச்சையில் முதலிடம் வளையத்துக்கு. தோல் எத்தனை முறை மாற்றினாலும் தப்பு அதே தப்பு. வளையம் மாறினால் அது வேறு தப்பு. இந்த அபிப்பிராயத்தில் எனக்குச் சிறிதும் சந்தேகமில்லை. ஏனெனில், தோல் எக்காலத்திலும் மாற்றப்படுவதற்கென்றே போர்த்தப்பட்டது. வளையமோ பாட்டனுடைய இடத்தோளிலும் முன்கையிலும் உராய்ந்து உராய்ந்து, அவனுடைய உடம்புக்கு ஏற்பத் தேய்ந்து வழுவழுப்பானது. அந்தத் தேய்வை மணற்தாள் கொண்டு அழித்துப் புதுமரம்போல் பளபளக்கச் செய்பவர் உதவி செய்வதாக நினைத்து அபசாரம் செய்கிறார். பழைய தோலைச் சூடான நீரில் நனைத்த துணியால் விளிம்பைச் சுற்றி ஒற்றி ஒற்றிப் பசையை இளக்கி, இழுத்துப் பிய்க்காமல் உரித்தபின், வளையத்தை ஒரு மாத காலமேனும் நிழலில் உலரவிட வேண்டும். உளு விழுந்த துளைகளை வேப்பெண்ணெய் தடவிக் கண்காணித்து, பொடி உதிர்வது நின்றபின்னரே மேலே செல்லலாம். பொருத்துவாய்த் தகடு துருவேறியிருந்தால் ஆணியை நெம்பாமல் துருவை மட்டும் சுரண்டுவது நல்லது. பழைய மரத்தில் ஒருமுறை பிடுங்கிய ஆணித்துளை மறுமுறை ஆணியைப் பற்றாது. துண்டுகளில் ஒன்று முற்றாக உளுத்துப்போனால் அந்த ஒன்றை மாத்திரம், தாழ்நிலத்திலிருந்து வரும் முற்றிய பலாவிலோ வேம்பிலோ அறுத்துப் பொருத்தலாம்; மூன்றிலே இரண்டு பழையவை நின்றால் வம்சம் நிற்கிறது.

இந்த இடத்தில் மேலைநாட்டார் தம் பழைய சைட் டிரம்மைச் செப்பனிடும் முறையிலிருந்து நாம் கற்றுக்கொள்ளத் தக்க விஷயம் ஒன்று உண்டு. பட்டாளத்திலும் பள்ளிக்கூட வாத்தியக் குழுக்களிலும் இடுப்பில் மாட்டி அடிக்கும் அந்த இருமுகப் பறைக்கு, அடிமுகத்தின் குறுக்கே நரம்பு அல்லது கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மேல்முகத்தை அடிக்கும்போது அவை அதிர்ந்து சரசரவென்னும் நாதத்தைத் தரும். பழையதொன்றைச் செப்பனிடுகிறவர்கள், முகங்களைக் கழற்றியபின் மரக்கூட்டின் விளிம்பைச் சமமான கண்ணாடிப் பலகையின்மேல் கவிழ்த்து, உள்ளே ஒரு விளக்கை வைத்து அறையை இருளாக்குவார்கள். விளிம்பு பள்ளமாயுள்ள இடங்களிலே ஒளி கசியும். கசியும் இடத்தைக் குறித்துக்கொண்டு, மேடுகளை மட்டும் மெல்லத் தேய்த்துச் சமன்செய்வார்கள். தோல் எங்கும் ஒரே விசையில் அமர்வதற்கு இதனைவிட எளிய சோதனை வேறில்லை. மூன்று துண்டுகள் சேர்ந்த நம் தப்பு வளையத்திலே, பொருத்துவாய்களில் ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்பது மிகச் சாதாரணம். தோல் மாற்றியும் ஓசை பிளந்து கேட்கிறதே என்று வருந்துகிறவர், ஒரு கண்ணாடித் துண்டும் கைவிளக்கும் கொண்டு இச்சோதனையைச் செய்து பார்த்தால் காரணம் அவருக்கே புலப்படும்.

அடுத்தது தோல். கன்றின் தோல் மெல்லியதாகவும் உறுதியாகவும் இருப்பதால் அதற்கே முதன்மை. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிரையும் உட்புறத்துச் சவ்வையும் வழித்து, சுண்ணாம்பின் காரம் முழுதும் நீங்கும் வரை ஓடுநீரில் அலசிய தோலை, ஈரத்தோடேயே வளையத்தின்மேல் போர்த்தி இழுக்க வேண்டும். இழுக்கும்போது முதுகெலும்பு ஓடிய தடிப்பான பகுதி ஒரு பக்கமாய் ஒதுங்கிவிடாமல், வட்டத்தின் நடுவே வருமாறு வைப்பது அனுபவஸ்தரின் கைப்பழக்கம். ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசையை மிஞ்சிய பசை இல்லை. கொட்டையை வறுத்து, தோல்நீக்கி, ஊறவைத்து அரைத்து, அடுப்பிலே கிளறக் கிளற அது கூழாகிக் கெட்டிப்படும். கடையில் விற்கும் இரசாயனப் பசை இதைவிட விரைவில் இறுகும் என்பது மெய்யே; ஆனால், அடுத்த தலைமுறைக்காரன் தோலை மாற்ற முற்படும்போது அது மரத்தின் நாரையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வரும். புளியங்கொட்டைப் பசையோ வெந்நீர்பட்டதும் இளகி வழிவிடும். பின்னால் வருபவன் மீண்டும் திறப்பதற்கு இடம்வைத்து மூடுவதே உத்தமமான செப்பனிடுதல். மேலைநாட்டு அரும்பொருட்சாலை விற்பன்னர்கள் இன்று சித்தாந்தமாகப் போதிப்பதை நம் தப்புக் கட்டுகிறவர் பழக்கத்தினாலேயே கடைப்பிடித்து வந்திருக்கிறார்.

போர்த்திய தோலை உலர்த்துவதில்தான் அநேகர் பிழைபடுகின்றனர். மழைக்காலத்து அவசரத்தில் ஈரத்தோலை நெருப்பின் அருகே கொண்டுபோனால், அத்தனை பிரயாசையும் ஒரு கணத்தில் வீணாகும். நனைந்த, பதனிடாத தோல் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியஸ் வெப்பத்தை எட்டியதும் அதன் நார்க்கட்டுக் குலைந்து, சடுதியாகச் சுருங்கிப் பசைபோலாகிவிடும். அதற்குப் பிறகு அது தோலன்று. உலர்ந்த தோல் இதனிலும் மிகுந்த வெப்பத்தைத் தாங்கும். ஆகவே, நிழலில், காற்றோட்டத்தில், இரண்டு மூன்று நாட்கள் பொறுத்தே உலர்த்த வேண்டும். காமன் கூத்து மாசியிலே வருவதால், பனி மிகுந்து மழை குறைந்த தை மாதத்துப் பகற்பொழுதே ஹட்டன் பகுதியில் தோல் போர்த்துவதற்கு உகந்த காலம் என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுவே நியாயம்.

நன்கு உலர்ந்தபின் தப்புக்கும் நெருப்புக்கும் உள்ள உறவு தொடங்குகிறது. சமவெளியில் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவர். நெல்வயல் அருகிய இம்மலையில் காய்ந்த மானாப்புல்லும் பழைய காகிதமும் மிலாறும் அவ்வேலையைச் செய்கின்றன. சுடரிலே வாட்டி, விரலால் சுண்டிக் கேட்டு, மறுபடி வாட்டி, தோல் கணீரென்று பதில்சொல்லும் வரை காத்திருப்பார்கள். ஈரம் வெளியேற வெளியேறத் தோல் இறுகி, சுருதி ஏறும். ஆட்டத்தினிடையே பனி இறங்கினால் சுருதியும் இறங்கும். மறுபடியும் நெருப்பிடம் போகவேண்டும். தப்புக் குழுவினர் நெருப்பைச் சுற்றிக் கூடிநிற்கும் அந்த இடைவேளைகளிலே, மூத்தவர் இளையவருக்கு அடி சொல்லிக்கொடுத்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன். எந்தப் பள்ளிக்கூடத்திலும் வைக்கப்படாத அப்பாடத்துக்கு அந்த நெருப்பே வகுப்பறை.

பிளாஸ்டிக் முகத்தைப் பற்றிய விவாதத்தையும் இதனோடு சேர்த்தே எடைபோட வேண்டும். மேலைநாட்டிலே இந்த விவாதம் முன்பே நடந்து முடிந்தது. 1950களில் பாலியெஸ்டர்ப் படலம் புழக்கத்துக்கு வந்ததும், சிக் எவன்ஸ், ரெமோ பெல்லி என்னும் அமெரிக்கர்கள் அதனைப் பறைமுகமாக்கி, 1956, 1957ஆம் ஆண்டுகளில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். மிகச் சில ஆண்டுகளுக்குள் சைட் டிரம் முதலியவற்றிலிருந்து கன்றுத்தோல் பெரும்பாலும் மறைந்தது. மழையில் நனைந்தாலும் தளராத முகம் அவர்களுக்கு வரப்பிரசாதமாகவே தோன்றியது. நம்மவரும் இன்று இரும்பு வளையத்தில் திருகாணியால் முடுக்கிய பிளாஸ்டிக் தப்பைப் பயன்படுத்துகின்றனர். காய்ச்சத் தேவையில்லை, விலையும் சகாயம், அடைமழையிலும் ஊர்வலம் நடத்தலாம். பழகும் பிள்ளைகளுக்கும், மழைநாளின் ஊர்வலத்துக்கும் அது உபயோகமானதே. அதனை வைத்திருப்பவரைக் குறைசொல்ல நான் விரும்பவில்லை. ஆனால், திருகாணி பூட்டுவதற்காகப் பாட்டனின் மரவளையத்திலே துளையிடுவதை மாத்திரம் எவ்விதத்தாலும் ஒப்புக்கொள்ள இயலாது. புதியது வேண்டுமாயின் புதியதாகவே வாங்கிக்கொள்ளட்டும். பழையது தோலோடும் நெருப்போடும் இருக்கட்டும். பிளாஸ்டிக்கின் ஓசை கூர்மையானது. ஆயினும், தோலிலே அடிக்குச்சி விழும்போது எழுகின்ற கனமான அடிநாதம் அதிலே இல்லை. மேலும், காய்ச்ச வேண்டாத தப்புக்கு நெருப்பு வேண்டாம். நெருப்பு இல்லாத இடத்தில் முன்சொன்ன கூட்டமும் கூடாது.

பரணில் எஞ்சிய தப்புகளுக்குப் பிரிவின் கதை ஒன்றும் உண்டு. இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தினால், இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போகவேண்டியவர் என்று எண்ணிக்கையிட்டுத் தீர்மானிக்கப்பட்டனர். பின் வந்த ஆண்டுகளில் ஹட்டன் நிலையத்திலே உற்றாரைப் பிரிந்து புறப்பட்ட புகையிரதத்துக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே மக்கள் பெயரிட்டனர். நீலகிரியின் தேயிலை மலைகளில் குடியேறியவர்களோடு சில தப்புகளும் கடல்கடந்து திரும்பிப் போயின. இங்கேயே தங்கியவர்களின் பரணில் எஞ்சியவை மற்றவை. ஒரு காம்பராவில் அண்ணன், மறு காம்பராவில் தம்பி என்று வாழ்ந்த குடும்பம் இரண்டாகப் பிளந்தபோது, ஜோடியாக அடித்த தப்புகளும் பிளந்தன. இன்று செப்பனிடக் கொண்டுவரப்படும் தனித்தப்பு ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும், இதன் இணை கோத்தகிரியிலோ கூடலூரிலோ எந்தச் சுவரில் தொங்குகிறதோ என்ற எண்ணம் எனக்கு எழாமற் போவதில்லை.

உரித்தெடுத்த பழைய தோலை என்ன செய்வது என்பது எஞ்சிய கேள்வி. குப்பையில் எறிவதற்கு எவருக்கும் மனம் வராது. ஒளியில் பிடித்துப் பார்த்தால், அடிக்குச்சி விழுந்து விழுந்து கறுத்த வட்டம் நடுவிலிருந்து சற்றே கீழே ஒதுங்கியிருப்பதும், சிம்புக்குச்சி தட்டிய இடம் மேல்விளிம்பருகே பிறைபோல் தேய்ந்திருப்பதும் தெளிவாகத் தெரியும். அடித்தவனுடைய கை எத்தகையது என்பதற்கு அதுவே சாசனம். டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில், தன் தந்தையின் தப்புக்குத் தோல்மாற்றிய முதியவர் ஒருவர் செய்ததைப் பார்த்தேன். வெடித்த விளிம்பைக் களைந்துவிட்டு, உறுதி குன்றாத நடுப்பகுதியைத் தண்ணீரில் ஊறவைத்து இளக்கி, கூரிய கத்தியால் வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கிச் சுருள் சுருளாக, விரலகலமும் இல்லாத ஒரே வாராக வெட்டிக்கொண்டே போனார். ஒரு சாண் அகலத் தோல் பல முழ நீளமாயிற்று. அந்த வாரைக் கொண்டே, புதிய தோலின் ஓரங்களை வளையத்தின் பின்புறத்திலே குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து இழுத்துக் கட்டினார்.